நெடுமடைப்பட்டியில் ‘சபாஷ்’ நிறுத்தி வைக்கப்பட்ட வரலாறு

கம்பம் பள்ளத்தாக்கில் வாய்க்கால் இல்லாத ஊர்கூட இருக்கலாம், வாய்க்கால் சண்டை இல்லாத ஊர் கிடையாது. ஆனால் வாய்க்கால் வெட்டும்போது ‘சபாஷ்’ சொல்வதற்கென்றே ஒரு ஆளை வைத்திருந்த ஊர் எங்கள் நெடுமடைப்பட்டி ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வேறு ஊரிலும் இருந்திருந்தால் அந்த ஊர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும். அவர்கள் கதையை அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

வருஷா வருஷம் வைகாசிக் கடைசியில், முல்லையாற்றுத் தண்ணீர் வருவதற்கு முன்னால், வாய்க்காலில் மூடிக் கிடக்கும் வண்டலை ஊரே கூடி வெட்டி எடுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு ஆள் என்பது கட்டுப்பாடு. வருவார்கள். மண்வெட்டியும் கூடையும் கொண்டு வருவார்கள். வந்து, மண்வெட்டிக் காம்பில் நாடியை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. நாம் பாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருந்து, அதைப் பக்கத்து ஆள் பார்க்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற சந்தேகம், அவ்வளவுதான்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்காகக் கரையின் மேல் ஒச்சாண்டி நிற்பான். எவன் கூடை முதலில் தலைக்கு ஏறுகிறதோ அவன் பெயரைச் சொல்லி, “சபாஷ்டா சின்னக்கருப்பு!” என்று ஒரு சத்தம் கொடுப்பான். உடனே அடுத்தவனுக்கு ரோஷம் வந்துவிடும். அவன் கூடையும் ஏறும். அவனுக்கும் ஒரு சபாஷ். இப்படியே சாயங்காலத்துக்குள் வாய்க்கால் கண்ணாடியாகிவிடும். ஒச்சாண்டிக்கு அப்படிப்பட்ட தொண்டை. அனுமந்தன்பட்டியில் மாட்டைத் தொலைத்தவர்கள்கூட அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கூப்பிடச் சொல்வது வழக்கம். அறுப்புக்கு ஒரு மரக்கால் நெல் அவனுக்கு ஊர் கொடுத்து வந்தது.

இந்த நல்ல ஏற்பாட்டில் மண் விழுந்தது ஒரு துரையால். போன வருஷம் வாய்க்காலைப் பார்வையிட ஒருவர் வந்தார். எந்தத் துரை, என்ன உத்தியோகம் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தொப்பி வைத்திருந்தார், குதிரையிலிருந்து இறங்கினார், எங்களுக்கு அது போதும். ஒச்சாண்டி கத்திக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, “அந்த மனிதன் என்ன சொல்கிறான்?” என்று பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டைக் கேட்டார்.

“சபாஷ் என்கிறான், துரையவர்களே.”

“அதற்கு என்ன அர்த்தம்?”

பிரசிடெண்ட் செல்வமணி தமக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கடைசியில், “வெரி சபாஷ், சார்” என்றார். துரை சிரித்தார். “அடுத்த முறை வரும்போது விசாரித்துச் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறிவிட்டார். குதிரை வாய்க்காலைத் தாண்டுவதற்குள் அவர் மறந்திருப்பார் என்று நான் சத்தியம் செய்வேன். எங்கள் பிரசிடெண்ட் மறக்கவில்லை.

செல்வமணியைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நல்ல மனிதர். மதராஸுக்கு ஒரு தடவை போய்வந்தார். அன்று போட்ட கோட்டை அப்புறம் கழற்றவில்லை. ராவ் சாகிப் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வீட்டு வாசலில் பெயர்ப்பலகை எழுதும்போதே பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு எழுதச் சொன்னவர் அவர். இப்படிப்பட்டவரிடம் ஒரு துரை ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போனால் அவர் எப்படித் தூங்குவார்?

இந்த வருஷம் தலைமடையைத் திறந்துவைக்கத் துரை வருகிறார் என்று கடுதாசி வந்தது. வாய்க்கால் வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. தலைமடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மண்திட்டு மட்டும் பாக்கி. அன்று சாயங்காலம் போர்டு கூடியது. கீழ்க்கண்ட தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அந்த ஏகமனதில் போர்டு மெம்பர் என்ற முறையில் என் மனதும் ஒரு பகுதி.

‘சபாஷ் என்னும் சொல்லின் பொருளும் உபயோகமும் துரையவர்களால் வினவப்பட்டு இதுகாறும் நிலுவையில் இருக்கிறபடியால், மேற்படி பொருள் நிர்ணயமாகும் வரை, மேற்படி சொல்லைப் போர்டு எல்லைக்குள் பொது இடங்களில் வழங்குவது இதனால் நிறுத்தி வைக்கப்படுகிறது. பொருளை விசாரித்துத் தெரிவிக்க ஒரு சப் கமிட்டி நியமிக்கப்படுகிறது.’

மறுநாள் காலையில் ஒச்சாண்டி கரையின் மேல் வாயை மூடிக்கொண்டு நின்றான். கீழே முப்பது பேர் மண்வெட்டியில் நாடியை ஊன்றிக்கொண்டு அவனைப் பார்த்தார்கள். அவன் அவர்களைப் பார்த்தான். மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

சப் கமிட்டியில் பிரசிடெண்ட், போர்டு குமாஸ்தா ஷரீப், கர்ணன் என்கிற நான் ஆகிய மூவர். சாவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். முதல் சாட்சியாக ஒச்சாண்டியைக் கூப்பிட்டோம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, களவுக் கேசில் பிடிபட்டவன் மாதிரி நின்றான்.

“சபாஷ்னா என்ன அர்த்தம்?” என்றார் பிரசிடெண்ட்.

“அர்த்தமாங்கய்யா? அதச் சொன்னா மண்ணுக்கூடை எந்திரிக்கும்.”

“அது பலன். நான் அர்த்தம் கேக்குறேன்.”

“அர்த்தம் இல்லாமத்தாங்க இம்புட்டு வருசமா எந்திரிச்சது.”

“சரி. இத யாருக்கெல்லாம் சொல்லலாம்?”

“வெட்டுறவனுக்குச் சொல்லலாங்கய்யா.”

“எனக்குச் சொல்லலாமா?”

ஒச்சாண்டி உண்மையாகவே யோசித்தான். “நீங்க எப்பய்யா வெட்டுனீக?” என்றான்.

பிரசிடெண்ட் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “பொதுவாக் கேக்குறேன்ப்பா. எனக்கு, துரைக்கு, இந்த மாதிரிப் பெரியவுகளுக்கு.”

“அது ஆகாதுங்கய்யா. பெரியவுக சின்னவுகளுக்குச் சொல்றதுதான் மொற. எங்க சின்னய்யா ஒருக்கா மரம் ஏறுனாக. நான் கீழ நின்னு ‘சபாஷ்’னு சொன்னேன். எறங்கி வந்து அறைஞ்சாக.”

விஷயம் எவ்வளவு ஆபத்தானது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. துரை தலைமடையைத் திறக்கப் போகிறார். அதைப் பார்த்து ஜனங்கள் உற்சாகத்தில் ‘சபாஷ்’ என்றால் என்ன ஆகும்? சொன்னவன் பெரியவன், துரை சின்னவர் என்று ஆகும். நெடுமடைப்பட்டி ஒரு பக்கம், சர்க்கார் மறு பக்கம் என்று ஆகும். ஜெயிலுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் வேறு ஊர்களில் தாராளமாக இருந்தார்கள். எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

“ஷரீப், இது உங்க பக்கத்து வார்த்தை இல்லையா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே” என்றார் பிரசிடெண்ட்.

“சார், நான் உத்தமபாளையத்துக்காரன். எங்க வீட்டுல உப்புக் கேட்டாலும் தமிழ்லதான் கேப்பாக. நான் பரீட்சையில தேறினப்ப எங்க அத்தா ஒரு தடவ சபாஷ்னு சொன்னாக. அர்த்தம் கேக்கத் தோணல. அழுகைதான் வந்துச்சு.”

“அழுகை வரவழைக்கும் சொல் என்று எழுதிக்குங்க” என்றார் பிரசிடெண்ட். ஷரீப் எழுதினார்.

வேறு சொற்களையும் பரிசீலித்தோம். ‘பேஷ்’ என்பது காப்பிக்கும் சங்கீதத்துக்கும் மட்டுமே செல்லும் என்று கண்டோம். ‘பலே’ என்பதைக் குஸ்திக்காரனுக்கும் சொல்கிறார்கள், திருடனுக்கும் சொல்கிறார்கள். துரையை இந்த இரண்டு பேரில் எவரோடு சேர்ப்பது என்று கமிட்டியால் முடிவு செய்ய முடியவில்லை.

இந்தக் கட்டத்தில் சங்கிலியம்மாள் சாவடிக்குள் வந்தாள். வாய்க்காலின் கடைமடையில் அவளுக்கு அரை ஏக்கர் வயல். புருஷன் இல்லை, வருஷத்துச் சோறு அந்த அரை ஏக்கரில்தான். கையில் ஒரு பிடி நாற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள். நுனியெல்லாம் பழுத்திருந்தது.

“ஏப்பா செல்வமணி, வெட்டு நின்னு எம்புட்டு நாளாச்சு? இங்கன பாரு நாத்த.”

“அத்தை, சபை நடக்கும்போது பிரசிடெண்டுன்னு சொல்லணும்.”

“சரிப்பா பிரசிடெண்டு. நாத்துப் பழுத்துப்போச்சு.”

“வேல நிக்கல அத்தை. சபாஷ்தான் நின்னிருக்கு.”

“சபாஷ் நின்னா வேல நிக்கும்னு ஒனக்குத் தெரியாதா? நம்ம பயலுகள நீ பாத்ததே இல்லையா? கெணத்துல மோந்து மோந்து ஊத்தி எனக்கு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. இந்த வாரத்துக்குள்ள தண்ணி வரலேன்னா அம்புட்டும் போச்சு. வருசம் பூரா நான் என்னத்தத் திங்க?”

“பொருள் நிர்ணயம் ஆகட்டும் அத்தை. மேலிடத்து விஷயம்.”

“என்ன பொருளு?”

“சபாஷ்ங்கிறதுக்கு.”

அவள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் விளையாடவில்லை என்று தெரிந்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாற்றை மேஜையின் மேல் போட்டுவிட்டுப் போனாள்.

“ஷரீப், எழுதிக்குங்க” என்றார் பிரசிடெண்ட். “கமிட்டியின் வேலையில் பொதுமக்கள் மிகுந்த ஆர்வம் காட்டுகிறார்கள்.”

ஆனாலும் அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. அன்றைக்கே ஒரு இடைக்கால ஏற்பாடு செய்தார். மதராஸில் பெரிய மனிதர்கள் கூடும் கூட்டங்களில் யாரும் வாயைத் திறப்பதில்லை, கையைத்தான் தட்டுகிறார்கள் என்பதை அவர் கண்ணால் கண்டிருந்தார். கைதட்டலுக்கு மேல் கீழ் கிடையாது. யாரும் யாருக்கும் தட்டலாம். முக்கியமாக, அதற்கு அர்த்தம் கிடையாது. அர்த்தம் இல்லாத ஒன்றுக்கு எந்தத் துரையும் அர்த்தம் கேட்க முடியாது. எங்கள் பக்கத்தில் அதுவரை சோளக்காட்டில் குருவி விரட்டத்தான் கைதட்டுவார்கள். அதனாலென்ன, நாகரிகம் எல்லா இடத்துக்கும் ஏதாவது ஒரு வாய்க்கால் வழியாகத்தானே வர வேண்டும்?

முதல் நாளே ஒரு இடைஞ்சல் தெரிந்தது. சின்னக்கருப்பு கூடையைத் தூக்கினான். அவனைப் பாராட்ட எல்லோரும் கைதட்ட வேண்டும். கைதட்டக் கை வேண்டும். ஆகையால் எல்லோரும் கூடையைக் கீழே போட்டார்கள். தனக்கு இத்தனை பேர் தட்டுவதைக் கண்டு மரியாதைக்காகச் சின்னக்கருப்பும் கூடையைப் போட்டுவிட்டுத் தட்டினான். அன்று முழுவதும் கைதட்டல் பலமாக இருந்தது. மண் இருந்த இடத்தில் இருந்தது.

போர்டு அவசரமாகக் கூடியது. வெட்டும் பிரிவு, தட்டும் பிரிவு என்று ஆட்களை இரண்டாகப் பிரித்தோம். ஒச்சாண்டி தட்டும் பிரிவுக்கு மேஸ்திரி ஆனான். அவனுக்கு ஒரு குடை கொடுக்கப்பட்டது. குடை மேலே போனால் தட்ட வேண்டும், கீழே வந்தால் நிறுத்த வேண்டும். வேர்த்த கையில் சத்தம் வராது என்பதால் தட்டும் பிரிவு புளிய மரத்து நிழலில் உட்கார வைக்கப்பட்டது. சூடு தணிய மோர் கொடுக்கப்பட்டது. ஒச்சாண்டி ஒரே நாளில் மாறிப்போனான். நேற்றுவரை ‘டேய்’ என்றவர்களை இப்போது ‘தம்பி’ என்று கூப்பிட்டான், அதுவும் குடையை ஆட்டிக்கொண்டு.

யாரைத் தட்டும் பிரிவுக்கு எடுப்பது என்ற கேள்வி வந்தது. காய்ப்புக் காய்த்த கையில்தான் சத்தம் கெட்டியாக வருகிறது என்று ஒச்சாண்டி அறிக்கை கொடுத்தான். நியாயமான பேச்சுதான். ஆகவே ஊரிலேயே நன்றாக மண் வெட்டுகிறவர்களாகப் பொறுக்கி எடுத்து, முதலில் அவர்களை நிழலுக்கு உயர்த்தினோம். அடுத்த நாள் அவர்களுக்கு அடுத்தபடியாக வெட்டுகிறவர்களை உயர்த்தினோம். திறமைக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதில் போர்டு உறுதியாக இருந்தது. நானும் மேற்பார்வைக்காக நிழலில்தான் உட்கார்ந்திருந்தேன். மோர் நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் வெட்டும் பிரிவில் ஒருவரும் மிஞ்சவில்லை. அப்போது சங்கிலியம்மாள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மண்திட்டில் இறங்கினாள். அவளே வெட்டினாள், அவளே கூடையில் அள்ளினாள், அவளே தலைக்கு ஏற்றிக் கரையில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

ஒச்சாண்டி குடையைத் தூக்கினான். ஊரே தட்டியது.

“ஏலே, எதுக்குடா தட்டுறீக? நான் என்ன குருவியா?” என்று கத்தினாள் அவள்.

“பாராட்டுறோம் ஆத்தா!” என்றான் சின்னக்கருப்பு நிழலிலிருந்து.

“பாராட்டுற கையால ஒரு கூடையத் தூக்குனா என்ன?”

சின்னக்கருப்பு மேஸ்திரியைப் பார்த்தான். “அது வேற பிரிவு ஆத்தா” என்றான் மேஸ்திரி.

அவள் திட்டுக்குத் திரும்பினாள். வெட்டினாள். கூடைக்கு ஒரு கைதட்டல், திட்டு சரிந்தால் இரண்டு கைதட்டல். வேர்வை கண்ணில் இறங்க, முந்தானையால் துடைத்துக்கொண்டு அவள் குனிவதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கலங்கிய கண்ணோடுதான் தட்டினேன். துரை வருவதற்கு முந்தின நாள் பொழுது சாயும்போது திட்டு கரைந்து தலைமடைப் பலகை தெரிந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் ஆற்றுத் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. “நாளைக்குத் தொறந்துருவாகல்ல?” என்று கேட்டாள். “கட்டாயம்” என்றார் பிரசிடெண்ட். அவள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு, தண்ணீரை எதிர்பார்த்துத் தன் வயலுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நாங்களும் சும்மா இருக்கவில்லை. விழாவுக்குத் தயாராக வேண்டாமா? தலைமடையில் வயல் உள்ளவர்கள், நடுமடையில் வயல் உள்ளவர்கள் எல்லோரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், அவரவர் வயலுக்கு நேராக வாய்க்கால் கரையை வெட்டி வைத்துவிட்டு வந்தோம். என் வயல் நடுமடை. கொஞ்சம் அகலமாகவே வெட்டினேன். அந்த வேலைக்கு யாரும் யாருக்கும் சபாஷ் சொல்லத் தேவைப்படவில்லை. கைதட்டலும் தேவைப்படவில்லை.

மறுநாள் துரை மோட்டாரில் வந்து இறங்கினார். வாழை மரம், தோரணம், நாயனம் எல்லாம் இருந்தன. துரை பலகையைத் தூக்கினார். தண்ணீர் குதித்துக்கொண்டு ஓடியது. குடை மேலே போனது. இப்படி ஒரு கைதட்டலை அந்தத் துரை தன் சீமையில்கூடக் கேட்டிருக்க மாட்டார். பிரசிடெண்ட் சப் கமிட்டி அறிக்கையைப் பட்டுத் துணியில் சுற்றி நீட்டினார். துரைக்கு அது எதைப் பற்றியது என்று தெரியவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டார். பிறகு பிரசிடெண்ட் பேசினார், துரை பேசினார், மறுபடி பிரசிடெண்ட் பேசினார். பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் சங்கிலியம்மாள் வாய்க்கால் கரையோடு நடந்து வந்தாள். கால் முழங்கால்வரை புழுதி. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

“தண்ணி வரல” என்றாள்.

“யார் இந்த அம்மாள்?” என்று துரை கேட்டார்.

“வாய்க்கால் வேலையில் ஒத்துழைத்த பொதுமக்களில் ஒருவர்” என்றார் பிரசிடெண்ட். “துரையவர்களுக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார்.” சொல்லிவிட்டு ஒச்சாண்டியைப் பார்த்தார். குடை மேலே போனது. அவள் எதிரிலேயே நாங்கள் எல்லோரும் தட்டினோம். அவள் அது முடியும்வரை நின்றாள்.

“வழி நெடுக ஒவ்வொரு மடையா பாத்துக்கிட்டுத்தான் வாரேன்” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. “இனித் தண்ணி வந்தும் பிரயோசனமில்ல. நாத்த அறுத்து மாட்டுக்குப் போட்டுட்டேன்.”

பிறகு கரையின் மேல் ஏறி நின்றாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“சபாஷ்டா செல்வமணி. சபாஷ்டா ஒச்சாண்டி. சபாஷ்டா சின்னக்கருப்பு.” என்னிடம் வந்தபோது ஒரு விநாடி நின்றாள். என் வெட்டு எவ்வளவு அகலம் என்று அவள் பார்த்திருக்கிறாள். “சபாஷ்டா கர்ணா.”

அவளுக்கு எங்கள் எல்லோரையும்விட வயது அதிகம். மேலேயிருந்து கீழே, முறைப்படிதான் சொன்னாள். அர்த்தம் சொல்ல எந்தக் கமிட்டியும் வேண்டியிருக்கவில்லை. ஒருவனும் தலை நிமிரவில்லை.

புத்தகத் தமிழ் மட்டும் தெரிந்த துரைக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாள் அழகாகப் பேசினாள் என்று நினைத்து, புன்சிரிப்போடு முதலில் அவரே கைதட்டினார். துரை தட்டும்போது நாங்கள் எப்படிச் சும்மா இருப்பது? குடை மேலே போனது. தலையைக் குனிந்தபடியே எல்லோரும் தட்டினோம்.